டால்பி, ஆர்க், ஹெச்டிஆர்: ஹோம் தியேட்டர்ல எந்த கோளாறுக்கு எங்க கை வைக்கணும்

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஹோம் தியேட்டர்னா ரெண்டு ஜாதி. ஒண்ணு ஓசூர் ஷோரூம்லயோ ஆன்லைன்லயோ வாங்குன பெரிய டிவியும் சவுண்ட்பாரும். இன்னொண்ணு ஊர்ல ஆம்ப் கடையில சொல்லி போர்டு போட்டு பொட்டி கட்டி வாங்குன 5.1 செட்டு, போர்டும் ட்ரான்ஸ்ஃபார்மரும் பெங்களூரு எஸ்பி ரோட்ல இருந்து பஸ்ல வந்து இறங்குனதா இருக்கும். ரெண்டு வீட்லயும் கம்ப்ளெய்ண்ட் ஒரே மாதிரிதான் வருது, கடையில அதிருச்சுங்க, வீட்டுக்கு வந்தா சப்புன்னு இருக்கு.

பாதிக்கு மேல பொருள்ல ஒண்ணும் இருக்காது. அட்டைப்பொட்டி மேல போட்டிருக்கற டால்பி (சத்தத்த சுருட்டி அனுப்பற முறை), அட்மாஸ் (தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற டால்பி), ஹெச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கூடுதலா காட்டற படம்), 4கே (நெறைய புள்ளி இருக்கற படம்) எல்லாமே சிக்னல் போற வழியில ஏதோ ஒரு எடத்த பத்தின வார்த்தைதான். ஆப் அல்லது செட்டாப் பாக்ஸ்ல கெளம்பி, வயர்ல ஏறி, டிவிக்குள்ள போய், திரும்ப வயர்ல ஏறி, ஆம்புக்கு வந்து, கடைசியா ஸ்பீக்கர். நடுவுல ஒருத்தருக்கு அந்த வார்த்தை தெரியலன்னா அதுக்கப்புறம் லட்ச ரூபா ஸ்பீக்கர் இருந்தாலும் வேலைக்கு ஆகாது. அதனால கோளாறு என்னன்னு பாத்து அது எந்த எடத்து கோளாறுன்னு கண்டுபுடிச்சா போதும், ஸ்க்ரூ டிரைவர் கடைசிலதான் எடுக்கணும். ஒரு நேரத்துல ஒரு செட்டிங் மட்டும் மாத்துங்க, நாலு ஒண்ணா மாத்திட்டு எதுல சரியாச்சுன்னு தெரியாம முழிக்காதீங்க.

படம் ஓடுது, சவுண்ட்பார்லயோ ஆம்ப்லயோ சத்தமே இல்ல

டிவி பின்னாடி நாலு ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் சத்தத்த வெளிய திருப்பி அனுப்பறது ஒண்ணே ஒண்ணுதான், அது பக்கத்துல ஆர்க்னோ இ-ஆர்க்னோ எழுதியிருக்கும், அதுலதான் சவுண்ட்பார் வயர் போகணும். சவுண்ட்பார் பக்கமும் அதே கத, அங்க இன்னு ஒரு ஓட்டை அவுட்டுன்னு ஒரு ஓட்டை இருந்தா டிவி ஆர்க்னு போட்டிருக்கற அவுட்லதான் சொருகணும். சத்தம் உள்ள வருது அதனால இன்னுல சொருகணும்னு நெனைக்கறது நியாயமாத்தான் தோணும், ஆனா அது ஃபயர்ஸ்டிக் மாதிரி பொருள சொருகற எடம்.

அடுத்தது சிஇசி, அதாவது ஹெச்டிஎம்ஐ வயர்ல மாட்டுன பொருளுங்க ஒண்ணுக்கொண்ணு ஆன், ஆஃப், வால்யூம் சொல்லிக்கற செட்டிங். இது ஆஃப்ல இருந்தா பல டிவில ஆர்க் வேலையே செய்யாது. கம்பெனிக்கு ஒரு பேரு வெச்சு குழப்பி வெச்சிருக்காங்க, சாம்சங்ல எனிநெட் ப்ளஸ், எல்ஜில சிம்ப்லிங்க், சோனில பிராவியா சிங்க். அத ஆன் பண்ணிட்டு சவுண்ட் அவுட்புட்ட ஆர்க்குக்கு மாத்துங்க. அப்பவும் வரலன்னா டிவி, பார் ரெண்டையும் ப்ளக்க கழட்டிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்து திரும்ப போடுங்க. ரிமோட்ல ஆஃப் பண்றது கணக்குல வராது, ப்ளக்கையே கழட்டணும். கரண்ட் போய் வந்ததுக்கப்புறம் ஆர்க் செத்துப்போறது நம்ம ஊர்ல சாதாரணம், இதுலயே சரியாயிடும்.

ஆப்டிகல் வயர் போட்டிருந்தா முனைய கழட்டி பாருங்க, சிவப்பு வெளிச்சம் வரணும். வெளிச்சம் வருது சத்தம் இல்லன்னா வயர் முனையில கண்ணாடி மாதிரி சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கான்னு பாருங்க, புது வயர்ல ரெண்டு பக்கமும் இருக்கும், அத எடுக்காமயே அழுத்தி சொருகிட்டு டிவி போர்டு போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க.

லோக்கல் ஆம்ப் செட்டுக்காரங்களுக்கு தனியா ஒண்ணு. ஆம்ப் பின்னாடி சிவப்பு வெள்ளை ஆர்சிஏ மட்டும் இருக்கும், டிவில ஆப்டிகல் மட்டும் இருக்கும், நடுவுல சில நூறு ரூபாய்க்கு ஒரு குட்டி கன்வெர்ட்டர் பொட்டி வாங்கி போட்டிருப்பீங்க. அந்த பொட்டிக்கு பிசிஎம் மட்டும்தான் தெரியும், பிசிஎம்னா பிரிச்சு முடிச்ச சாதா சத்தம். டிவி செட்டிங்ல டிஜிட்டல் அவுட்புட் ஆட்டோவுலயோ டால்பிலயோ இருந்தா சுருட்டி கட்டுன டால்பி மூட்டைய அனுப்பும், குட்டி பொட்டிக்கு அத பிரிக்க தெரியாது, ஒண்ணு ஊமையா இருக்கும் இல்லன்னா கர்ர்ருனு இரையும். டிவில பிசிஎம்னு மாத்துனா அடுத்த நொடி பாட்டு வரும். அதுல கெடைக்கறது ரெண்டு சேனல் ஸ்டீரியோ மட்டும்தான், நெஜமான 5.1 வேணும்னா டால்பி, அத மாதிரியே இன்னொரு சுருட்டற முறையான டிடிஎஸ் ரெண்டையும் பிரிக்கற டிகோடர் போர்டு வாங்கி, டிவிய திரும்ப டால்பி பக்கம் மாத்தி வெக்கணும்.

பென்டிரைவ்ல படம் மட்டும் ஓடுது, ஆடியோ சப்போர்ட் இல்லன்னு காட்டுது

பெரும்பாலும் அந்த ஃபைல்ல இருக்கற சத்தம் டிடிஎஸ். சாம்சங் 2018 மாடல்ல இருந்து டிடிஎஸ்ஸ விட்டுட்டாங்க, எல்ஜி 2020ல விட்டு, 2023ல திரும்ப கொண்டுவந்து, 2025 மாடல்ல மறுபடியும் விட்டுட்டாங்க. டிவில ரிப்பேரே கெடையாது. அதே ஃபைல்ல இன்னொரு ஆடியோ ட்ராக் இருந்தா ரிமோட்ல மாத்தி பாருங்க, இல்லன்னா கம்ப்யூட்டர்ல ஆடியோவ மட்டும் டால்பிக்கு மாத்திக்கலாம், படத்த தொட வேண்டியதில்ல, சீக்கிரம் முடிஞ்சிடும். பெரிய படம் பென்டிரைவ்ல ஏறவே மாட்டேங்குதுன்னா அது வேற, ஃபேட்32 ஃபார்மட்ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, எக்ஸ்ஃபேட்டுக்கோ என்டிஎஃப்எஸ்ஸுக்கோ மாத்துங்க, மாத்துனா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும், முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க.

பேச்சு கேக்கல, சண்டை வந்தா வீடு அதிருது

எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். வசனத்துக்காக வால்யூம ஏத்தி, சண்டை வந்தா எறக்கி, பாட்டி எழுந்துருவாங்கன்னு திரும்ப எறக்கி, படம் முழுக்க ரிமோட்ட கையிலயே வெச்சிருப்பாங்க.

5.1னா அஞ்சு ஸ்பீக்கர், ஒரு ஊஃபர். அந்த அஞ்சுல நடுவுல இருக்கற சென்டர் ஸ்பீக்கர்லதான் வசனம் கிட்டத்தட்ட முழுசும் வருது. அதனால மொதல்ல சென்டர்ல காது வெச்சு பாருங்க. அங்க சத்தமே இல்லன்னா ரெண்டு காரணம். ஆம்ப் செட்டிங்ல சென்டர் இருக்குன்னு சொல்லிட்டு நெஜத்துல அங்க ஸ்பீக்கர் மாட்டாம விட்டிருப்பீங்க, ஆம்ப் வசனத்த எல்லாம் இல்லாத ஸ்பீக்கருக்கு அனுப்பிட்டு இருக்கும், சென்டர் இல்லன்னு மாத்துனா முன்னாடி ரெண்டு ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டு குடுத்துடும். இல்லன்னா லோக்கல் செட்டுல பின்னாடி ஆறு ஆர்சிஏ பின்ல சென்டரும் ஊஃபரும் எடம் மாறி இருக்கும். அப்படி மாறுனா ஊஃபர் வாய்ல துணிய கட்டுன மாதிரி வசனம் பேசும், ஒரு தடவ கேட்டா மறக்காது.

சென்டர்ல சத்தம் வருது ஆனா பத்தலன்னா, ஸ்பீக்கர் லெவல்னு ஒரு மெனு இருக்கும், அதுல சென்டர மட்டும் 2, 3 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) ஏத்துங்க. அடுத்து நைட் மோட், சில ஆம்ப்ல டிஆர்சின்னு இருக்கும். படத்துல மெல்லிசான சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவுல இருக்கற தூரத்துக்கு டைனமிக் ரேஞ்சுன்னு பேரு, தியேட்டருக்காக அத அகலமா வெச்சிருப்பாங்க, நைட் மோட் அத குறுக்கி பேச்ச தூக்கி வெடிய அடக்கும். சுத்த ஆடியோ பிரியருங்க இத திட்டுவாங்க, திட்டட்டும், ராத்திரி பத்து மணிக்கு பக்கத்து வீட்ல குழந்தை தூங்குதுல்ல.

டிவி ஸ்பீக்கர்லயே பாக்கறவங்க ஆப்ல 5.1 ட்ராக்குக்கு பதிலா ஸ்டீரியோ ட்ராக் இருந்தா அத எடுங்க, பேச்சு தெளிவாயிடும்.

இதெல்லாம் பண்ணியும் சரியாகலன்னா ஆம்ப விட்டுட்டு ஹால பாருங்க. நம்ம பக்கம் இப்ப கட்டற வீடெல்லாம் தரை கிரானைட்டு இல்லன்னா டைல்ஸு, நாலு சுவரும் வழவழன்னு புட்டி, மேல கான்கிரீட்டு. கிருஷ்ணகிரி ஜில்லால கிரானைட் கெடைக்கற எடத்துலயே இருக்கோம், சும்மா விடுவோமா, டிவி சுவர் முழுக்க ஒட்டி வெச்சிருக்கோம். பாலக்கோடு பக்கம் ஒரு வீட்ல அண்ணன் ஒருத்தர் வசனம் புரியலன்னு சவுண்ட்பார மாத்தி இன்னொண்ணு வாங்கிட்டார், அதுலயும் அதே கத. ஹால் நடுவுல நின்னு ஒரு தடவ கை தட்ட சொன்னேன், டப்புன்னு நிக்காம டர்ர்ர்னு இழுத்துச்சு. "ஏன் தம்பி, இது ரூம் ரிப்பேருங்களா?"ன்னார். பீரோல இருந்து பவானி ஜமுக்காளம் ரெண்ட எடுத்து சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல விரிச்சு, ஜன்னலுக்கு கனமான கர்ட்டன் போட்டோம், பழைய சவுண்ட்பாரே போதும்னு ஆயிடுச்சு, புதுசு இப்ப அவங்க மாமனார் வீட்ல இருக்கு. கை தட்டி பாக்கறதுக்கு காசு இல்ல, புது ஸ்பீக்கர் வாங்கறதுக்கு முன்னாடி தட்டிப்பாருங்க.

அட்மாஸ்னு வாங்குனேன், அட்மாஸ்னு காட்டவே மாட்டேங்குது

5.1.2ன்னு மூணு நம்பர் இருந்தா கடைசி நம்பர் மேல இருந்து சத்தம் குடுக்கற ஸ்பீக்கர். அது இருந்தா மட்டும் போதாது, வழி முழுக்க அட்மாஸ் வரணும். படத்துல அந்த ட்ராக் இருக்கணும், உங்க பிளான்ல இருக்கணும் (நெட்ஃபிளிக்ஸ்ல ப்ரீமியம் பிளான் இருந்தாத்தான்), டிவில டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம்ல இல்லாம பாஸ்த்ரூலயோ (வந்தத பிரிக்காம அப்படியே தள்ளி விடறது) ஆட்டோலயோ இருக்கணும், வயர் ஹெச்டிஎம்ஐயா இருக்கணும். ஆப்டிகல் போட்டிருந்தா அங்கயே நிறுத்திக்கலாம், அதுல சாதா டால்பி 5.1, டிடிஎஸ் 5.1 வரைக்கும்தான், அட்மாஸ் போகாது.

இ-ஆர்க் இல்லாத டிவில அட்மாஸே வராதுன்னு கடையில சொல்லி புது டிவி தள்ளி விடுவாங்க, அது பாதி உண்மை. ஓடிடி ஆப் குடுக்கற அட்மாஸ் டால்பி டிஜிட்டல் ப்ளஸ்ஸுங்கற மூட்டைக்குள்ள வருது, அது சின்ன மூட்டை, அத அனுப்பற டிவின்னா பழைய ஆர்க்லயே போயிடும். ப்ளூரே டிஸ்க்ல இருக்கற ட்ரூஹெச்டி அட்மாஸ் பெரிய மூட்டை, அதுக்குத்தான் இ-ஆர்க் வேணும். அதுக்கும் ப்ளேயர நேரா ரிசீவர்ல (ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கற கம்பெனி ஆம்ப்) சொருகிட்டா டிவியோட ஆர்க்க பத்தி கவலையே இல்ல. டிஸ்க் பாக்காத வீட்டுக்கு இ-ஆர்க்குக்காக மட்டும் டிவி மாத்தறது வீண் செலவுங்கறது என் கருத்து.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்

இதுல மொதல்ல எது முந்துதுன்னு பாக்கணும், நெறைய பேர் அத பாக்காம டிலே பட்டன போட்டு திருகறாங்க. ஆம்ப்ல இருக்கற ஆடியோ டிலே, லிப் சிங்க் செட்டிங்ல சத்தத்த தாமதம் பண்ண மட்டும்தான் முடியும், முன்னாடி இழுக்க முடியாது.

சத்தம் முந்தி வந்தா டிவி படத்த மெருகு போட நேரம் எடுத்துக்குதுன்னு அர்த்தம், 20 மில்லிசெகண்ட் 20 மில்லிசெகண்டா டிலே ஏத்திக்கிட்டே வாங்க, செய்தி வாசிக்கறவங்க வாய பாத்து சரி பண்ணா சுலபம். சத்தம் பிந்தி வந்தா டிலே முதல்ல ஜீரோல இருக்கான்னு பாருங்க, அடுத்து ப்ளூடூத்துல கனெக்ட் பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க. சாதா ப்ளூடூத்து 100, 200 மில்லிசெகண்ட் சுலபமா முழுங்கிடும், வயர் போட்டா தீந்துச்சு. சத்தம் பிந்தறப்ப டிவிய கேம் மோட்ல போடாதீங்க, படம் இன்னும் சீக்கிரம் வந்து இடைவெளி பெருசாயிடும்.

ஒளிபரப்பு துறையில ஐடியு, அதாவது சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு சொன்ன அளவு ஒண்ணு இருக்கு, சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்துனாலே ஆளுங்க கண்டுபுடிச்சிடறாங்க, பிந்துனா 125 வரைக்கும் தெரியறதில்ல. குவாரில வெடி வெக்கறப்ப தூரத்துல இருந்து பாத்தா புகை மொதல்ல, சத்தம் அப்புறம், அந்த வரிசைக்கு நம்ம மூளை பழகிருக்கு, தலைகீழா வந்தாத்தான் உறுத்தும். அதனால ரெண்டுக்கும் நடுவுல நிக்குதுன்னா லேசா பிந்தற பக்கம் விட்டுடுங்க.

ஊஃபர் ம்ம்ம்னு உறுமிட்டே இருக்கு

வால்யூம ஜீரோ பண்ணாலும் உறுமுதுன்னா அது பாட்டு இல்ல, நம்ம வீட்டு கரண்டோட 50 ஹெர்ட்ஸ். செட்டாப் பாக்ஸ் பின்னாடி வர்ற கேபிள் ஒயர அப்படியே கழட்டி பாருங்க. உறுமல் நின்னுச்சா, அப்ப தெருக்கம்பத்து கேபிள் ஒரு எர்த்து, உங்க வீட்டு ப்ளக் ஒரு எர்த்துன்னு ரெண்டு வழி சேந்து சுத்துது, கிரவுண்ட் லூப்னு சொல்லுவாங்க. டிவி, பாக்ஸ், ஆம்ப் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுங்க, போகலன்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு கேட்டு ஆர்சிஏ வயர் நடுவுல போடுங்க. சில பேர் ஆம்ப் ப்ளக்ல மூணாவது பின்ன ஒடச்சு விட்டுட்டு சரியாச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, ஷாக் அடிக்கும், அத மட்டும் பண்ணாதீங்க.

கேபிள் கழட்டியும் உறுமுதுன்னா ஆர்சிஏ பின் லூசா இருக்கும், இல்ல லோக்கல் செட்டுல உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துலயே இன்புட் வயர் சாதா வயரா ஓடிட்டு இருக்கும், ஷீல்டு வயரா மாத்தி தள்ளி விட சொல்லுங்க, கட்டி குடுத்த கடையிலயே பண்ணுவாங்க.

பாஸே, அதாவது கனமான அடி சத்தமே வரலன்னா வேற வைத்தியம். முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணுல மட்டும் சிவப்பு கருப்பு மாறி இருந்தா ஒண்ணு வெளிய தள்ளுறப்ப இன்னொண்ணு உள்ள இழுக்கும், பாஸ் ரெண்டும் அடிச்சுக்கிட்டு காணாம போயிடும். சத்தமும் எங்க இருந்து வருதுன்னு தெரியாம தலைக்குள்ள சுத்தும். அப்புறம் கிராஸ் ஓவர், அதாவது எத்தன ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கற சத்தம் ஊஃபருக்கு போகணும்னு சொல்ற கோடு, தெரியலன்னா 80 ஹெர்ட்ஸ்ல வெச்சுட்டு மறந்துடுங்க. சின்ன சின்ன சாட்டிலைட் ஸ்பீக்கர்னா 120 வரைக்கும் ஏத்தலாம்.

4கே டிவி, படம் என்னமோ மங்கல்

அரசு கேபிள் பாக்ஸோ டிடிஹெச்சோ, மஞ்சள் சிவப்பு வெள்ளை மூணு முனை வயர்ல வந்துச்சுன்னா அது எஸ்டி, 720க்கு 576 புள்ளி, மொத்தம் நாலு லட்சத்து சொச்சம். 4கேல 83 லட்சம் புள்ளி கிட்ட வருது. அப்ப ஒரு புள்ளிய டிவி 20 புள்ளியா நீட்டணும், இதுக்கு அப்ஸ்கேலிங்னு பேரு, எவ்ளோ நல்ல டிவியா இருந்தாலும் இல்லாத மூக்கு முழிய வரவழைக்க முடியாது. ஹெச்டி பாக்ஸ் வாங்கி ஹெச்டிஎம்ஐல போடுங்க, சானலும் ஹெச்டி பேக்ல இருக்கணும். ஓடிடின்னா பிளானையும் நெட்டையும் பாருங்க, 4கேக்கு 15 எம்பிபிஎஸ் வேணும்னு நெட்ஃபிளிக்ஸே சொல்லுது, வீடு முழுக்க இல்ல, டிவி இருக்கற எடத்துல.

ஸ்டிக்கோ ப்ளேயரோ 4கே ஹெச்டிஆர் குடுத்தும் டிவி எடுக்கலன்னா அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்ட தனியா தெறந்து விடணும், சோனில என்ஹான்ஸ்டு ஃபார்மட், சாம்சங்ல இன்புட் சிக்னல் ப்ளஸ், எல்ஜில டீப் கலர். தெறந்ததும் திரையில வெள்ளப் பொட்டு பொட்டா மின்னுனாலோ அப்பப்ப கருப்பாயி வந்தாலோ வயருக்கு தெம்பு இல்ல, ப்ரீமியம் ஹை ஸ்பீட்னு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டுன வயர் போதும், தங்க முலாமுக்கு காசு குடுக்காதீங்க. பழைய ரிசீவர் வழியா போட்டா மட்டும் படம் கருப்புன்னா அதுக்கு ஹெச்டிசிபி 2.2ங்கற காப்பி தடுக்கற பூட்டு தெரியாது, ஸ்டிக்க டிவிலயே நேரா சொருகி சத்தத்த மட்டும் ஆர்க்ல ரிசீவருக்கு அனுப்புங்க.

ஹெச்டிஆர்னு வந்ததும் படம் இருட்டாயிடுது

வெளிச்சத்த நிட்ஸ்ல அளப்பாங்க. ஹெச்டிஆர் படம் 1000 நிட்ஸ், சிலது 4000 நிட்ஸ்க்கு தயார் பண்றது, பட்ஜெட் டிவி 300 பக்கம்தான் குடுக்கும். அடங்காத வெளிச்சத்த அடக்கறதுக்காக டிவி மொத்த படத்தையும் கீழ எறக்குது. எக்கோ மோட், லைட் சென்சார் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, டைனமிக் டோன் மேப்பிங் இருந்தா ஆன், டால்பி விஷன்ல பிரைட்னு ஒண்ணு இருந்தா அத எடுங்க. பகல்ல ஜன்னல் தெறந்து வெச்சு பாக்கறவங்க ஸ்டிக்லயே ஹெச்டிஆர ஆஃப் பண்ணிட்டு எஸ்டிஆர்ல, அதாவது சாதா படமா பாக்கறது மேல், யாரும் வந்து கேக்க போறதில்ல.

சினிமா சீரியல் மாதிரி வழுக்குது, மேல கீழ கருப்பு பட்டை

சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். டிவி நடுவுல இல்லாத ஃப்ரேம தானே வரஞ்சு சொருகுது, அதான் வழுக்கல். எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோ, சாம்சங்ல பிக்சர் கிளாரிட்டி, ஆஃப் பண்ணுங்க, ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா அதுவே ஆஃப் பண்ணிடும். கிரிக்கெட்டுக்கு வேணும்னா விட்டுக்கோங்க.

கருப்பு பட்டை கோளாறே இல்ல. டிவி 1.78க்கு 1, ஸ்கோப் படம் 2.39க்கு 1, திரையோட உயரத்துல கால்வாசி காலியாத்தான் இருக்கும். ஜூம் பண்ணி நெரப்புனா ரெண்டு ஓரத்துலயும் ஆளுங்க வெட்டுப்படுவாங்க.

ஆம்ப் ஆன் ஆகி கிளிக்குனு நின்னுடுது, ப்ரொடெக்ட்னு வருது

கரண்ட எடுத்துட்டு எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. இப்ப நிக்காம ஓடுதுன்னா ஆம்ப் நல்லா இருக்கு, வயர்லயோ ஸ்பீக்கர்லயோ ஷார்ட்டு. ஒவ்வொண்ணா மாட்டிட்டு வாங்க, ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணிட்டு மாட்டுங்க. காரிமங்கலத்துல ஒரு செட்டுல பாத்தது, வயர சீவி முறுக்காம அப்படியே டெர்மினல்ல திணிச்சிருந்தாங்க, முடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை சிவப்புல இருந்து எட்டி கருப்ப தொட்டுட்டு இருந்துச்சு, டார்ச் அடிச்சு பக்கவாட்டுல பாத்தாத்தான் பளிச்சுன்னு தெரிஞ்சுது. முறுக்கி மடிச்சு திரும்ப மாட்டுனோம், அவ்ளோதான் வேலை.

ஒரே டெர்மினல்ல ரெண்டு 4 ஓம் ஸ்பீக்கர பேரலல்ல மாட்டுனா 2 ஓம் ஆயிடும், பெரும்பாலான ஆம்ப் தாங்காது. ரொம்ப நேரம் ஓடுனதுக்கப்புறம் மட்டும் நிக்குதுன்னா சூடு, ஷோகேஸ் கண்ணாடிக்குள்ள அடச்சு வெச்சிருப்பீங்க, வெளிய எடுங்க.

பொட்டில 5000 வாட்ஸ்னு போட்டிருக்கே, ஏன் நின்னுச்சுன்னு கேக்காதீங்க. அது பிஎம்பிஓ, விளம்பர கணக்கு. ஆர்எம்எஸ்தான் நெஜ கணக்கு. நம்ம ஊர் போர்டுல பாதிக்கு பாதி இருக்கற 4440 ஐசிய எடுத்துக்கோங்க, ஸ்டீரியோல சேனலுக்கு 6 வாட்ஸ், ரெண்டையும் பிரிட்ஜ் பண்ணா 19 வாட்ஸ். அந்த 19ம் ஒரு ஹாலுக்கு சத்தமாத்தான் இருக்கும், வாட்ஸ் ரெட்டிப்பானா 3 டிபிதான் கூடுது, காதுக்கு ரெண்டு மடங்கா தெரியணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வேணும்.

எல்லா வயரையும் கழட்டியும் கிளிக்குனு நிக்குதுன்னா அவுட்புட் ஐசியோ பவர் சப்ளையோ போயிருக்கு. அது மெக்கானிக் வேலை, மூடிய கழட்டாதீங்க, உள்ள இருக்கற பெரிய கண்டென்சர்ல ப்ளக்க எடுத்த பின்னாடியும் கரண்ட் நிக்கும். கொண்டு போறப்ப வயர் கழட்டியும் ப்ரொடெக்ட் வருதுன்னு சொல்லுங்க, அவர் பாதி நேரம் தேட வேண்டியதில்ல.